இருவிரல் அகலத்து முகம்

வரலாற்றாசிரியர் பெரும்பாலும் பெரியனவற்றையே நாடுவர். கோட்டை, கோபுரம், செப்பேடு, கல்வெட்டு என்பனவே அவர்தம் கண்ணில் முதலிற் படுவன. நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருளோ மூன்றரைச் சென்ரிமீற்றர் அகலமும் நாலரைச் சென்ரிமீற்றர் உயரமும் உடைய ஒரு கடதாசித் துண்டு. பிஸ்கற் தகரத்தினுள்ளும், பழைய வங்கிப் புத்தகத்தின் மடிப்பிலும், இறந்தவரின் பணப்பையிலும் அது கிடக்கும். அதில் ஒரு முகம் இருக்கும். பின்புறத்திற் சில வேளை ஓர் இலக்கம் இருக்கும்.

இச்சிறு படங்கள் இருவழியாற் பிறப்பன. மேனாட்டு நகரங்களிற் புகையிரத நிலையங்களிலும் அங்காடிகளிலும் நிறுத்தப்பட்ட தானியங்கிப் பெட்டியினுட் புகுந்து, நாணயத்தை இட்டுத் திரையை இழுத்து மூடிக்கொண்டு, தன்னைத் தானே பிடித்துக்கொள்வது ஒரு வழி. நம்மூர் ஸ்ரூடியோவில் முக்காலியின் மீது அமர்ந்து, படக்காரர் சொல்லுமாறு நாடியை உயர்த்தியும் தாழ்த்தியும் எடுப்பித்துக்கொள்வது மற்றொரு வழி. முன்னதை மேனாட்டார் இன்று மிக்க ஏக்கத்துடன் நினைவுகூர்கின்றனர், அதுபற்றிக் கண்காட்சிகள் நிகழ்த்துகின்றனர், நூல்கள் எழுதுகின்றனர். பின்னதைப் பற்றி நாம் அத்துணை சிந்தித்திலேம். வேண்டியபோது எடுத்தோம், படிவத்தில் ஒட்டினோம், மிஞ்சியதை எங்கேயோ வைத்தோம்.

கிருலப்பனையில் வாழ்வோர்க்கு இப்பொருள் அயலானது அன்று. ஹைலெவல் வீதியும் பேஸ்லைன் வீதியும் சந்திக்கும் இவ்விடம், ஒருபால் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதையையும் மேற்கே பாமன்கடை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளையும் அயலாகக் கொண்டது. கொழும்பு 5 என்னும் அஞ்சல் வட்டத்துள் அடங்குவது. அவ்வட்டத்துள்ளேயே, கெப்பெட்டிபொல மாவத்தையில், ஆட்பதிவுத் திணைக்களம் பல்லாண்டு இயங்கிவந்தது. பின்னர் அது பத்தரமுல்லைக்குப் பெயர்ந்தது. யாழ்ப்பாணத்தினின்றும் மட்டக்களப்பினின்றும் ஹற்றனினின்றும் தத்தம் முகத்தைக் கடதாசியிற் பதித்தெடுத்துக்கொண்டு வந்தோர், இவ்வட்டாரத்து வீதிகளில் விலாசம் கேட்டு நடந்த காலம் அது. ஆதலின் இவ்வாராய்ச்சியைக் கிருலப்பனையினின்று தொடங்குதல் பொருத்தமே.

ஒருவன் இல்லாதவிடத்து அவனுருவை நிறுத்தும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுதலைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறுகின்றது. எனினும் நடுகல்லில் உள்ள உருவம் அவ்வீரனின் முகச்சாயலைக் காட்டுவதன்று. வில்லும் வாளும் ஏந்திய ஒரு பொது உருவமே ஆகும். பெயர்தான் அவனை இன்னான் என்று அறிவித்தது. முகமே ஆளை அறிவிக்கும் என்னும் எண்ணம் சாதாரண மக்களிடையே வேரூன்றியது ஒளிப்படம் வந்த பின்னரே எனலாம்.

1839-ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் தாகேர் என்பாரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் நேரே படிந்தது. ஒரு தகட்டுக்கு ஒரு படமே கிடைத்தது. கண்ணாடியிற் காண்பதுபோல இடம் வலமாகவும் தோன்றியது. இடத்தோளிலே தொங்கும் சேலைத் தலைப்பு அத்தகட்டில் வலத்தோளுக்குப் போய்விடும் என்க. இங்கிலாந்தில் தல்பொட் என்பார் 1841-இல் உரிமை பெற்ற முறையிலோ முதலில் எதிருருவம் தோன்றியது. அதனின்றும் வேண்டிய அளவு படிகள் எடுக்கலாயிற்று. ஒரே ஒரு படமா, பல படிகளா என்னும் இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் அதற்கு மீளவும் வருவோம்.

படத்தைச் சிறிதாக்கி மலிவாக்கியவர் டிஸ்டேரி என்னும் பிரெஞ்சுக்காரர். 1854-இல் அவர் உரிமை பெற்ற முறையால் ஒரே கண்ணாடித் தகட்டிற் பல சிறு படங்களை எடுத்து, வெட்டி, வருகைச் சீட்டளவு அட்டையில் ஒட்டினர். அரசர்க்கும் செல்வர்க்கும் உரியதாயிருந்த உருவப்படம் அக்கணமே கடைக்காரனுக்கும் எழுதுவினைஞனுக்கும் கைக்கெட்டியதாயிற்று. நண்பர் ஒருவர்க்கொருவர் படம் மாற்றிக்கொண்டனர்; அவற்றை இட்டுவைக்க அல்பம் என்னும் பொருள் வீட்டு மேசைக்கு வந்தது.

இலங்கைக்கு இக்கலை மிக விரைவாகவே வந்துசேர்ந்தது. ஸ்கீன் கம்பனியார் கொழும்பிலும், ஸ்கோவன் என்பார் கண்டியிலும் பின்னர்க் கொழும்பிலுமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெருந்தொழில் நடாத்தினர். 1890-இல் நிறுவப்பட்ட பிளாட்டே நிலையம் தபாலட்டைப் படங்களால் இத்தீவின் தோற்றத்தைக் கடல் கடந்து பரப்பியது. இவர்தம் படங்களைப் பார்ப்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். துரைமாரும் முதலிமாரும் பெயரோடு நிற்கின்றனர். தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணோ, "தமிழ்ப் பெண்" என்ற அளவிலே நிற்கின்றாள். அவள் பெயரைக் கேட்டறிய எவரும் முயன்றிலர்.

யூலியா மார்கிரட் கமரன் அம்மையாரை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். (பெயரே கமராவை நினைவூட்டும் விந்தையைப் பலர் கூறி நகைப்பதுண்டு.) இங்கிலாந்திற் புகழ்வாய்ந்த அறிஞர்களின் முகங்களை ஓவியம்போல் எடுத்துப் பெயர் பெற்ற இவ்வம்மையார் 1875-இற் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார், 1879-இல் இங்கேயே காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கு அவர் எடுத்தனவாக எஞ்சியுள்ள படங்கள் சிலவே. களுத்துறையில் எடுக்கப்பட்ட ஒரு படத்துக்குக் களுத்துறைக் குடியானவர் குழு என்பதே பெயர். இங்கிலாந்திற் கவிஞரையும் விஞ்ஞானியையும் பெயர் சுட்டி எடுத்த அதே கை, இங்கே பெயரின்றி எடுத்தது. படத்தின் அழகில் யாதொரு குறையுமில்லை. அவற்றிலுள்ள கண்கள் இன்றும் நம்மை நோக்குகின்றன. ஆயினும் அவர் யாவர் என்று இனி எவரும் சொல்ல இயலாது. கலைப்பெருமை வாய்ந்த அப்படத்துக்கு இல்லாத ஒன்று நமது மூன்றரைச் சென்ரிமீற்றர்ப் படத்துக்கு உண்டு. அது எப்பொழுதும் ஒரு பெயரோடு சேர்த்தே ஒட்டப்படுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில், வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் கிருலப்பனைச் சந்தியை அடுத்தும் உள்ள ஸ்ரூடியோக்கள் தமிழ்க் குடும்பங்களின் வாழ்வொழுங்கோடு பின்னிப் பிணைந்தன. பிள்ளை தவழும் பருவத்தில் ஒரு படம், ஏடு தொடக்கியபின் ஒரு படம், பெண் பருவமெய்தியபின் நகைகளோடு ஒரு படம், மணமக்கள் படம். இவற்றிடையே மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்புதற்கென எடுக்கப்பட்ட படம் தனிச்சிறப்புடையது. அதில் முகத்திலுள்ள பருவும் வடுவும் காணப்படா. படக்காரர் கூர்மையான பென்சிலால் நெகற்றிவ்வின் மீது நுண்ணிய கோடுகளிட்டு அவற்றை மறைத்திருப்பார். திரைச்சீலையில் மாளிகைப் படிக்கட்டு, அன்னம் நீந்தும் பொய்கை. முன்னால் ஒரு பிரம்பு நாற்காலி. கையருகே எவரும் பேசாத ஒரு தொலைபேசி. இவையெல்லாம் பொய்யே எனினும், அப்பொய் எல்லோர்க்கும் பொதுவாயிருந்தமையால் எவரையும் ஏமாற்றிற்றில்லை. ஸ்ரூடியோவுக்குப் போதல் என்பது கோயிலுக்குப் போதலை ஒத்த ஆயத்தத்தோடு நிகழ்ந்த ஒரு காரியமாயிருந்தது. முழுகித் தலைவாரி, திருநீறிட்டு, பெட்டியிலிருந்த சேலையை எடுத்துடுத்திச் சென்றனர்.

இனித் தானியங்கிப் பெட்டியின் கதைக்குச் செல்வாம். நாணயமிட்டாற் படந்தரும் பொறியை அமைக்கும் முயற்சி 1880-களின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. 1889-இல், ஈபிள் கோபுரம் எழுப்பப்பட்ட அதே பாரிசுக் கண்காட்சியில், ஆன்ஜல்பேர் என்பாரின் பொறி மக்களுக்குக் காட்டப்பட்டது. இரும்புத் தகட்டில் உருவந்தரும் அக்காலப் பொறிகள் அடிக்கடி பழுதுற்றன. அருகில் ஓர் ஆள் நின்று கவனிக்க வேண்டியதாயிற்று. தானே இயங்கும் பொறிக்குத் துணையாள் வேண்டியிருந்தமை நகைப்புக்குரியதே.

இக்குறையைத் தீர்த்தவர் அனற்றோல் ஜொசெப்போ. 1894-இற் சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரிற் பிறந்த இவர், பேர்லினிற் படத்தொழில் பயின்று, ஷங்காயில் ஸ்ரூடியோ நடாத்தி, பின் அமெரிக்காவை அடைந்தவர். நியூயோர்க்கில் நண்பரிடமும் உறவினரிடமும் கடன் பெற்றுத் தம் பொறியை அமைத்தார். 1920-களின் நடுப்பகுதியிற் புறோட்வே வீதியிலே திறக்கப்பட்ட அவரது போட்டோமற்றன் நிலையத்தில் இருபத்தைந்து சதம் இட்டால், ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் எட்டுப் படங்கள் ஒரு நீண்ட துண்டாக வெளிவந்தன. வெள்ளைக் கையுறை அணிந்த ஒருவர் வாயிலில் நின்று, வலப்புறம் பார்க்குமாறும் இடப்புறம் பார்க்குமாறும் சொன்னாராம். முதல் ஆறு திங்களில் 280,000 பேர் அங்குப் படமெடுத்தனர் என அக்காலச் சஞ்சிகைகள் எழுதின. 1927-இல் ஹென்றி மோர்கந்தோ தலைமையிலான செல்வர் குழுவொன்று அப்பொறியின் அமெரிக்க உரிமையைப் பத்து இலட்சம் டொலருக்கு வாங்கியது. அந்நாளிற் பத்து இலட்சம் என்பது ஒரு கப்பலின் விலைக்குச் சமானமாக மக்களை மலைக்கவைத்த தொகை. கடன்பட்டுத் தொடங்கிய புலம்பெயர்ந்த ஒருவருக்கு அது கிடைத்தமை அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு நல்ல தீனியாயிற்று.

அப்பெட்டியினுள் நிகழ்ந்த இரசாயனத்தை மாணவர் அறிதல் நன்று. சாதாரணக் கமராவில் ஒளிபட்ட இடம் கறுத்தும் படாத இடம் வெளுத்தும் நெகற்றிவ் தோன்றும். அதனூடு மீண்டும் ஒளியைச் செலுத்தியே படம் பெறுவர். பெட்டியினுள் அத்துணைக் காலதாமதத்துக்கு இடமில்லை. ஆகவே வெள்ளி உப்புப் பூசிய கடதாசியிலேயே உருவத்தை நேராகப் பதித்தனர். கடதாசித் துண்டைப் பொறியின் கை ஒன்று பற்றித் தொட்டிக்குத் தொட்டி இறக்கி ஏற்றும். முதற்றொட்டியில் உருத்துலக்கும் திரவம், ஒளிபட்ட இடங்களைக் கறுக்கச் செய்யும். அடுத்து வரும் வெளிற்றும் திரவம், கறுத்த வெள்ளி முழுவதையும் கரைத்தகற்றும். எஞ்சி நிற்பது ஒளிபடாத உப்பு. அதனைப் பின்னுள்ள தொட்டியிற் கறுக்கச் செய்தால், நெற்றி வெளுத்தும் தலைமயிர் கறுத்தும் உண்மையுரு வந்துவிடும். கழுவுதலோடு வேலை முடிந்தது. நனைந்த துண்டு வெளியே விழும். பொறுமையற்றோர் விரலடையாளம் அதிற் பதிந்துபோதலும் உண்டு.

இதன் விளைவு யாதெனில், பெட்டிப் படத்துக்கு நெகற்றிவ் இல்லை. துண்டு ஒன்றே. நண்பர் இருவர் சேர்ந்து எடுத்தால் வெட்டிப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். தொலைத்தால் மீளப்பெறல் அரிது. தாகேரின் தகடு போலவே அதுவும் உலகில் ஒரே ஒரு பொருள். மேனாட்டாரின் ஏக்கத்துக்கு இஃது ஒரு காரணம். மற்றொரு காரணம், அப்பெட்டியினுட் படக்காரர் இல்லை என்பது. திரைக்குப் பின்னால் மூன்றாவது கண் ஒன்று இல்லாமையால் நாக்கை நீட்டியவர் உண்டு, முத்தமிட்டவர் உண்டு, அழுதவரும் உண்டு. 1920-களின் இறுதியிற் பாரிசிலே ஆந்திரே பிறெத்தொனும் அவர்தம் கலைக்குழுவினரும் இப்பெட்டியினுட் புகுந்து கண்ணை மூடியும் முகத்தைக் கோணியும் படமெடுத்தனர். 1960-களில் நியூயோர்க் ஓவியர் அண்டி வோர்ஹோல் இத்துண்டுகளையே தம் ஓவியங்களுக்கு மூலமாகக் கொண்டார்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய உறவினர் யார் எனின், இந்திய நகர வீதிகளில் மரப்பெட்டிக் கமராவோடு நின்ற உடனடிப் படக்காரரையே சொல்லலாம். அப்பெட்டியே கமராவும் அதுவே இருட்டறையும். படக்காரர் கறுப்புத் துணிக்கையுறையினூடு கையை உள்ளே விட்டுக் கடதாசியை எடுத்துத் திரவத்தில் தோய்ப்பார். கடதாசி நெகற்றிவ்வை மறுபடியும் கமராவின் முன் நிறுத்திப் படமெடுப்பார். சில நிமிடத்தில் ஈரப்படம் கையில் வந்துவிடும். ஜெய்ப்பூரில் ஹவா மகாலுக்கு எதிரே இத்தகையோர் இந்நூற்றாண்டிலும் தொழில் செய்தனர். ஜொசெப்போவின் பொறி செய்த வேலை அனைத்தையும் பத்து விரல்களாற் செய்த இவர்களுக்குப் பத்து இலட்சம் கொடுப்பார் இலர். இது போகட்டும்.

பெட்டிப்படம் விளையாட்டிற் பிறந்தது. அடையாளப்படமோ ஐயத்திற் பிறந்தது. 1880-களிற் பாரிசுப் பொலிசுத் துறையில் அல்போன்ஸ் பேர்ட்டியோன் என்பார், பிடிபட்டோரை நேர்முகமாகவும் பக்கமுகமாகவும் ஒரே அளவில், ஒரே தூரத்தில் எடுக்கும் முறையை வகுத்தார். சிரிப்பும் அலங்காரமும் விலக்கப்பட்ட முகம் அங்கிருந்தே வருகின்றது. முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914-இல், அமெரிக்கக் கடவுச்சீட்டைப் பயன்படுத்திப் பிரித்தானியாவிற் புகுந்த ஜேர்மானிய ஒற்றர் கார்ல் லோடி அகப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு முதல் பிரித்தானியக் கடவுச்சீட்டிற் படம் கட்டாயமாயிற்று. இன்னார் என்று ஒருவர் வாயாற் சொல்வது போதாது, முகமும் சாட்சி சொல்லல் வேண்டும் என்ற நிலை அன்று தொடங்கியது. தொடக்கத்தில் தொப்பியோடும் நாயோடும் தோட்டத்தில் நின்று எடுத்த படங்களும் ஏற்கப்பட்டன என்பது இன்றைய மாணவர்க்கு வியப்பளிக்கலாம். ஒழுங்குவிதிகள் பின்னரே இறுகின. இன்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் நியமப்படி கண் திறந்து, வாய் மூடி, நேரே நோக்கியிருத்தல் வேண்டும், புன்னகைக்கு இடமில்லை. மேனாட்டில் இவ்வைய முகத்தை எடுப்பதற்கும் அவ்விளையாட்டுப் பெட்டியே பயன்பட்டது என்பது ஒரு முரண்.

இலங்கையில் ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1968-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. 1972-இல் தேசிய அடையாள அட்டை வழங்கல் தொடங்கியது. அதன்பின் நாட்டில் ஒவ்வொரு வளர்ந்த மனிதரும் ஒருமுறையேனும் கமராவின் முன் அமரல் வேண்டியதாயிற்று. படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சியிருந்த கிழவிமாரும் முக்காட்டை நீக்கி அமர்ந்தனர். பல கிராமங்களில் ஒருவரின் வாழ்நாள் முழுவதிலும் எடுக்கப்பட்ட ஒரே படம் அதுவாகவே இருந்தது. கல்லூரி மாணவர்க்கோ க. பொ. த. சாதாரணதரப் பரீட்சைக்கு முன் அட்டை வேண்டும். வெள்ளைச் சேட்டும் எண்ணெய் பூசிய தலையுமாய் வகுப்பு முழுவதும் ஒரே முகபாவத்தோடு வரிசையில் அமர்ந்து எடுக்கும் வழக்கம் அதனால் வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலோ நிலைமை வேறு. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுள் எஞ்சியோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமையை உறுதி செய்தது. படமெடுக்கக் காசிருந்தும் அட்டை பெற உரிமையில்லாதிருந்தோர் அவர்.

அட்டையின் மொழி பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். 2014 வரையில், வடக்குக் கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே வழங்கப்பட்ட அட்டைகளில் விபரங்கள் சிங்களத்திலேயே எழுதப்பட்டன. வெள்ளவத்தையிலோ கிருலப்பனையிலோ வாழ்ந்த தமிழர் ஒருவர், சிங்களம் வாசிக்க அறியாதவராயின், தம் அட்டையில் விளங்கிக்கொள்ளக் கூடியன இலக்கமும் முகமும் மட்டுமே. தம் பெயர் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்பதைப் பிறரிடம் கேட்டறிந்தனர். 1980-களிலிருந்து 2009 வரை, கொழும்பு வீதிகளிற் சோதனைச் சாவடிகள் நின்ற காலத்தில், அவ்வட்டையின்றி எவரும் பால் வாங்கவும் வெளியேறினாரல்லர். சாவடியில் நிற்பவர் அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மீண்டும் அட்டையைப் பார்ப்பார். மீசை வைத்தவரும் மீசை எடுத்தவரும், நோயால் மெலிந்தவரும் அவ்விரு பார்வைகளுக்கிடையே பட்ட அச்சத்தை எழுத்தில் எழுதுதல் எளிதன்று. நியூயோர்க்கில் நாக்கை நீட்டி எடுத்த அதே அளவுக் கடதாசி, இங்கே ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதா, வண்டியில் ஏற்றுவதா என்பதைத் தீர்மானித்தது.

1983-ஆம் ஆண்டு யூலைத் திங்கள் இறுதி வாரத்திற் கொழும்பிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. வெள்ளவத்தையும் கிருலப்பனையும் அதிலிருந்து தப்பவில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம்களுள் ஒன்றாயிற்று. உடுத்த உடையோடு வந்தோர் பின்னர்க் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். எரிந்தவற்றின் பட்டியலை எடுப்போர் வீடு, நகை, தளபாடம் என எழுதுவர். நட்டஈட்டுப் படிவத்தில் அல்பத்துக்கு ஒரு கூடு இருப்பதில்லை. ஆயினும் அந்நாளை நினைவுகூரும் முதியோரிடம் பேசுவார்க்குத் தெரியும், அவர்கள் கடைசியிற் சொல்வது அல்பத்தையே. 1995 ஒக்ரோபர் 30-இல் யாழ்ப்பாணக் குடாநாட்டினின்று வலிகாமத்து மக்கள் பெயர்ந்தபோதும், 2009-இல் வன்னியிலும், இதுவே வேறு அளவுகளில் நிகழ்ந்தது. பெரிய படங்கள் சுவரிலே நின்றுவிட்டன. மடியிற் செருகிய அட்டை உடன் வந்தது.

அட்டையிலிருந்த அச்சிறுமுகமே பின்னர்க் குடும்பத்தின் முழு அல்பமுமாயிற்று. இறந்தவரின் நினைவுமலருக்கும், மாலையிட்டு விளக்கேற்றும் சுவர்ப்படத்துக்கும் அதுவே மூலம். படக்காரர் அதனைப் பெரிதாக்குவார். முத்திரை விழுந்த இடத்தைத் துடைப்பார். சேட்டுக்கு மேல் ஒரு கோட்டை வரைவார். பின்னணியில் நீலவானத்தை விரிப்பார். பெரிதாக்கப்பெரிதாக்க முகம் மணிமணியாய்க் கலையும். கண்கள் மட்டும் எஞ்சும். 2017 பெப்ரவரி 20-இற் கிளிநொச்சியில் வீதியோரத்திற் போராட்டந் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கையில் ஏந்தியிருந்த படங்களை நோக்குக. அவற்றுட் பல பாடசாலை மாணவனின் படங்கள், அட்டைக்கென எடுத்தவை. அரசு கேட்டபடி சிரியாமல் நேரே நோக்கி எடுத்தவை. தன் குடிகளை அடையாளங் காண்பதற்கு அரசு கேட்டு வாங்கிய முகத்தையே, இவர் எங்கே என்று கேட்பதற்காகத் தாய்மார் அரசின்முன் திருப்பிப் பிடிக்கின்றனர். அடையாளப்படத்தின் வரலாற்றில் இதனினும் கனமான நிகழ்ச்சி வேறெங்கும் இருப்பதாக நாம் கருதவில்லை.

இவ்விடத்திலேதான், முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்ன வேறுபாடு பயன்படுகின்றது. ஸ்ரூடியோப் படத்துக்கு நெகற்றிவ் உண்டு. அட்டை தொலைந்தாலும், அல்பம் எரிந்தாலும், படக்காரர் இலக்கமிட்டு உறையிலிட்ட நெகற்றிவ் இருந்தால் முகம் மீளும். படத்தின் பின்னால் எழுதிய அவ்விலக்கத்தை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அதுவே திரும்பிச் செல்லும் வழி. ஆனால் ஸ்ரூடியோக்களும் எரிந்தன. எரியாதவை வாடகை கட்டவியலாது மூடப்பட்டன. தமிழ்நாட்டிலும் போரின்றியே இக்கேடு நிகழ்ந்துள்ளது: பழைய கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டுச் சட்டங்களுக்குக் கண்ணாடியாயின; பிலிம்கள் வெள்ளிக்காக விற்கப்பட்டன. 2010-களின் நடுப்பகுதியிற் பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்ரூடியோக்களிற் புகுந்து எஞ்சியவற்றைத் தேடி இலக்கமுறையிற் பேணினர். 2005-இற் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் சஞ்சிகைகளையும் அவ்வாறே பேணிவருகின்றது. ஸ்ரூடியோ நெகற்றிவ்களுக்கு அத்தகைய பெருமுயற்சி ஒன்று கொழும்பிலும் வேண்டும் என்பது நமது கருத்து. படக்காரரின் பிள்ளைகள் அவ்வுறைகளைக் குப்பை என்று எண்ணுமுன் அது நிகழ்ந்தால் நன்று.

மேனாட்டுப் பெட்டிகளும் ஏறக்குறைய மறைந்துவிட்டன. 1995-இல் யப்பானில் ஒட்டுப்படம் தரும் புதுவகைப் பெட்டிகள் வந்தன. பின்னர் இலக்கமுறைப் பெட்டிகள் பழைய தொட்டிகளின் இடத்தைப் பிடித்தன. 2012 சனவரியிற் கொடக் கம்பனியே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. நேர்ப்படக் கடதாசி கிடைத்தற்கரியதாயிற்று. நம்மவர் பலர் குடியேறியுள்ள மெல்பேண் நகரில், பிளிண்டேர்ஸ் வீதிப் புகையிரத நிலையத்தருகே, அலன் அட்லர் என்பவர் 1970-களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இரசாயனப் பெட்டிகளைப் பேணிவந்தார். 2018-இற் பெட்டியை அகற்றும்படி சொல்லப்பட்டபோது ஊரார் குரலெழுப்பி அதனைக் காத்தனர். திரவங்களை மாற்றும்போதெல்லாம் பொறி சரியாக இயங்குகின்றதா என்று அறியத் தாமே உள்ளே அமர்ந்து ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பார். அத்துண்டுகளை அவர் எறிந்துவிடவில்லை. இளைஞராய்த் தொடங்கித் தொண்ணூறு வயதை அணுகும் வரை ஒருவர் மூப்படைதலை ஆயிரக்கணக்கான துண்டுகளிற் காண்கின்றோம். அவர் 2024-இற் காலமானார்; மறு ஆண்டு அவை மெல்பேணிற் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

நம்மூரில் இன்று அடையாளப்படம் கைக்கு வருவதேயில்லை. 2010-களின் நடுப்பகுதிக்குப் பின், அனுமதி பெற்ற ஸ்ரூடியோவிற் படம் எடுக்கப்பட்டு நேரே திணைக்களத்தின் கணினிக்குச் சென்றுவிடுகின்றது. நமக்குக் கிடைப்பது ஒரு பற்றுச்சீட்டே. முறை செம்மையானதே, ஏமாற்றுக்கு இடங் குறைவு. ஆயின் ஒட்டியதுபோக மிஞ்சும் படம் என்று ஒன்று இனி இல்லை. தகரப் பெட்டிக்குப் போவதற்கும் எதுவுமில்லை. கொழும்புத் திருமண மண்டபங்களில் மட்டும் போட்டோ பூத் என்னும் பெயரில் ஓர் அலங்காரச் சட்டம் நிறுத்தப்படுகின்றது. அட்டை மீசையும் பெரிய கண்ணாடியும் பிடித்து இளைஞர் நின்று சிரிக்கின்றனர்.

பழைய சிறுபடம் ஒன்று கையில் அகப்பட்டால், அதன் காலத்தை அறியச் சில குறிகள் உள. ஓரம் பல்பல்லாய் வெட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் 1950-களையோ 1960-களையோ சேர்ந்தது. நிறம் சிவந்து மங்கியிருந்தால் அதற்குப் பின்வந்த வர்ணக் கடதாசி. பின்புறத்திற் பிரதேசத்து சமாதான நீதவானின் கையொப்பம் இருந்தால், ஏதோவொரு விண்ணப்பத்துக்கு அத்தாட்சிப்படுத்தப்பட்டு அனுப்பப்படாமல் நின்றது அது. தோளின்மேல் ஊதாநிற வளைவொன்று, அதனுள் நாலைந்து எழுத்துக்கள், காணப்படுமாயின் அப்படம் தபால் அடையாள அட்டையிலோ பிறிதோர் அட்டையிலோ ஒட்டப்பட்டிருந்து பின்பு உரித்தெடுக்கப்பட்டதாகும். பாதி முத்திரை படத்தின்மீதும் பாதி அட்டையின்மீதும் விழுமாறு குத்துதல் அலுவலக வழக்கம். உரித்தெடுத்த படத்தில் ஊரின் பெயர் முழுமையாக இராது. "…வத்தை" என்றோ "…பனை" என்றோ முடியும் எழுத்துக்களே எஞ்சியிருக்கும்.